சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கடிதம்

அன்பு நண்பா,

கோலாலம்பூரில் உன் எடிட்டிங் அறையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்ததிலிருந்து மனசு அங்கேயேதான் சுற்றுகிறது. இங்கே மழை விடவில்லை, செம்பனை லோரிகள் ஓடி ஓடித் தோட்டத்துச் சாலை முழுக்கச் சேறு. அம்மா உன்னை விசாரித்தார்.

"அந்த லேப்டாப்பை விட்டுட்டுப் பெரிய மெஷினா வாங்குடா" என்றாயே, அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம், தீமிதி வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற என் வேலைக்கு என்னிடம் இருப்பதே போதும் என்றுதான் படுகிறது. நான் வெட்டப் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே 4கே தரம் வரை வீடியோ எடுக்கலாம். காசு கட்டும் ஸ்டூடியோ பதிப்பு 295 அமெரிக்க டாலர், ஒருமுறை கட்டினால் சரி. ராத்திரியில் எடுக்கும் தீமிதிக் காட்சிகளில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸை நீக்கும் வசதி அதில்தான் இருக்கிறது, அதற்காகவே வாங்கப்போகிறேன்.

முன்பு டைம்லைனில் அடுக்கிய காட்சிகள் திக்கித் திக்கி ஓடினால் மெஷின்மேல் பழி போடுவேன். என் கேமரா தரும் எச்.264 என்ற சுருக்கிய கோப்பில் எல்லாப் பிரேமும், அதாவது ஒவ்வொரு படமும், முழுசாக இருப்பதில்லை, இடையில் உள்ளவற்றில் முன்பின் பிரேமிலிருந்து மாறியது மட்டும்தான் இருக்கும், அதனால் ஒன்றைக் காட்டவே கணினி பலவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் புரோரெஸ் 422 என்ற கோப்பு வகையில் ஒவ்வொன்றும் முழுப் பிரேம். ஆனால் எச்டியிலேயே ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 66 ஜிபி கேட்கும்! நான் புரோக்சி என்ற சின்ன நகல் போட்டு வெட்டுகிறேன், கடைசி வீடியோவை உருவாக்கும் ரெண்டருக்கு மட்டும் ஒரிஜினல், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார்.

உங்கள் இடத்தில் நாலு பேர் ஒரே ஸ்டோரேஜில் வேலை செய்வதும், ஒருவர் திறந்த 'பின்' (bin) என்ற காட்சித் தொகுப்பை மற்றவர் மாற்ற முடியாமல் உங்கள் அவிட் எடிட்டிங் மென்பொருள் பூட்டி வைப்பதும் அருமைதான். இங்கே நான் ஒற்றை ஆள், எனக்கு எதற்கு?

ஆனால் நிறத்தைச் சரியாகக் காட்டும் உன் அறை மானிட்டர் எனக்கும் வேண்டும், நண்பா. போன மாதக் கல்யாணத்தில் கூரைப்புடவை நல்ல அரக்கு. என் திரையில் அது கொஞ்சம் கறுத்துத் தெரியவே சிவப்பைத் தூக்கிவிட்டேன், பெண் வீட்டு டிவியில் பார்த்தால் செங்கல் நிறம், முகமெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி. பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லாமல் புடவையை எடுத்து வந்து டிவிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதனால் பெரிய மெஷினுக்கு வைத்த பணத்தில் ரெக்.709 என்ற எச்டி டிவி நிற அளவுகோலுக்குச் சரியாக நிற்கிற ஒரு மானிட்டரும், கோப்புகளை வைக்க ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

தீபாவளிக்கு வரும்போது திரையில் வைத்து நிறம் அளக்கிற அந்தக் கருவியைக் கொண்டு வா. அந்தக் கல்யாணத்தை நாம் இருவரும் உட்கார்ந்து மறுபடி கலர் பண்ணி அவர்களிடம் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உன் தோட்டத்து நண்பன்