மாமன் தட்டு

பாப்பா,

போனில் பேசினால் அழுகை வந்து சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

அப்பா வாங்கிப் போட்ட நிலத்தைத் தன் பேருக்கு மாற்றணும் என்கிறான் உன் தம்பி. பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து போட உன்னைக் கூப்பிடுவான். போடாதே.

நான் போட்டவள். இத்தனை வருஷமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

2004-ல் நீ வயசுக்கு வந்தபோது, சேதி போன அன்றைக்கே உன் மாமா தென்னை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டினார். உன் அத்தை உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக உன்னைக் கவனித்தாள். மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்த வாரம் அண்ணன் வந்து, "ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துடலாம்மா, பூர்வீகக் கொல்லை நிலம் ஒரே பேர்ல இருந்தாதான் லோன் குடுப்பாங்களாம்" என்றார். மிரட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். என் மனசில் ஓடியதெல்லாம் மாமன் தட்டுதான். அது வராமல் நீ மணையில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? பாகம் கேட்டவளுக்குப் பொறந்த வீட்டு வாசல் கிடையாது என்று பாட்டி சொல்லி வளர்த்தவள் நான்.

பதிவு ஆபீசில் இடது கட்டைவிரலை உருட்டி ரேகை எடுத்தார்கள். பீடி சுற்றித் தேய்ந்த விரல், ரேகை சரியாக விழவில்லை. மூன்று தடவை மை தடவினார்கள். மறுநாள் உனக்குச் சடங்கு. ஆல்பத்தை எடுத்துப் பார், நான் வரிசைத் தட்டு பிடித்திருக்கிற போட்டோவில் என் கட்டைவிரல் கறுப்பாக இருக்கும். நலங்கு மஞ்சள்கூட அதை மறைக்கவில்லை.

சட்டம் 1989-லேயே வந்துவிட்டது, பாப்பா. கலைஞர் ஆட்சியில் கொண்டுவந்தது. அந்த வருஷம் மார்ச் 25-க்குப் பிறகு கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குச் சமமாகப் பங்கு என்றது அந்தச் சட்டம். எனக்குக் கல்யாணம் 1990 தை மாசம். மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த வக்கீலம்மா இதை விளக்கியபோது எனக்குக் கை நடுங்கியது.

அண்ணன் கெட்டவர் இல்லை. ஆடிக்குப் புடவை, பொங்கலுக்கு அரிசி, வெல்லம், கரும்பு என்று ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. ஆனால் அப்பா படுக்கையில் கிடந்தபோது, ராத்திரி இலையை நனைத்து வைத்து விடியற்காலை வெட்டி, நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினேன். அதைக் கடையில் போட்டுவிட்டு அந்தக் கொல்லை வழியாகத்தான் வருவேன். மல்லாட்டை பிடுங்கிக் குவித்திருப்பார்கள். ஒரு மூட்டை கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேனே.

வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. புருஷன் சொல்லி, பெற்ற பிள்ளையே வெட்டிய தலை அது. அதற்குத்தான் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தெருத்தெருவாகத் தூக்கி வருகிறோம். நானும் கும்பிடுகிறவள்தான். கும்பிட்டுக்கொண்டே, "அந்த நேரத்தில் உனக்காக ஒருத்தரும் வாய் திறக்கலையே தாயே" என்று கேட்பேன்.

அப்பா உயில் எழுதவில்லை. அவர் சொத்தில் உனக்கு, தம்பிக்கு, எனக்கு மூன்று சம பாகம். தம்பி முகம் திருப்பிக்கொள்வானே என்று உனக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. அதனால் நீ கேட்டதாக இருக்கவேண்டாம் என்று நானே அவனிடம் சொன்னேன். "அக்கா ஒண்ணும் கேக்கல, நான்தான் பிரிக்கச் சொல்றேன்." அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. காலையில் எழுந்து, "காபி இருக்காம்மா" என்றான். இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

உன் பொண்ணுக்கு இப்போது ஒன்பது வயசு. அவள் சடங்குக்கு அவன் தட்டு எடுத்து வருவான் என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் நான் தூக்கி வருகிறேன்.

அம்மா