எழுத்துக் குறியீடுகளில் மாற்றம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

ஓர் எழுத்து முறையிலுள்ள பிரதியை வேறோர் எழுத்து முறைக்கு மாற்றும் எமது எழுத்துப்பெயர்ப்பு மென்பொருளின் அடுத்த பதிப்பிலிருந்து, நாமே வகுத்து வைத்திருந்த ஈரெழுத்துக் குறிகளைக் கைவிட்டு, எழுத்து முறைகளுக்குக் குறியீடு வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 15924 என்னும் சர்வதேச நியமத்தின் குறியீடுகளைப் பயன்படுத்தவுள்ளோம். இதற்கான காரணத்தைத் தங்களிடம் விளக்கமாகச் சொல்வது எமது கடமை.

பழைய குறிகளை வகுத்தபோது மொழியையும் எழுத்தையும் நாம் ஒன்றாகவே எண்ணிவிட்டோம். தமிழ் என்றால் தமிழெழுத்து, சமஸ்கிருதம் என்றால் தேவநாகரி என்று ஒரே குறியில் அடக்கினோம். ஆனால் கொழும்பில் அச்சுக்கு வரும் பிரதிகள் அப்படி வருவதில்லை. பாளி சிங்கள எழுத்தில் வருகிறது. முஸ்லிம் பெரியோரின் பழைய தமிழ் நூல்கள் அரபெழுத்தில் இருக்கின்றன. கோயில்களுக்குரிய வடமொழித் தோத்திரங்கள் பெரும்பாலும் தமிழெழுத்திலேயே வருகின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர், கோயில் மலர் ஒன்றுக்காகத் தமிழெழுத்திலிருந்த வடமொழித் தோத்திரத்தைச் சிங்கள எழுத்துக்கு மாற்ற முயன்றார். மூலத்தில் ‘க³ங்கா³’ என்று, ஒலி வேறுபாட்டைக் காட்டும் சிற்றிலக்கத்துடன் அச்சாகியிருந்தது. அந்த 3, வடமொழிக் ககர வரிசையின் மூன்றாம் ஒலியைக் குறிப்பது. பிரதியைத் தமிழ் என்று குறித்தபோது, எமது மென்பொருள் அதை வெறும் எண்ணாகக் கொண்டு சொல்லின் நடுவே அப்படியே விட்டுவிட்டது. சமஸ்கிருதம் என்று குறித்தபோதோ, தேவநாகரியைத் தேடி, ஓரெழுத்தையும் மாற்றவில்லை. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் திருத்த நேர்ந்தது. தவறு முழுவதும் எம்முடையது. அதற்காக இம்மடலிலும் வருத்தம் தெரிவிக்கிறோம்.

2004ஆம் ஆண்டு வெளியான இந்நியமம், ஒவ்வோர் எழுத்து முறைக்கும் நான்கு ரோமன் எழுத்துகள் கொண்ட குறியீடு ஒன்றையும் மூவிலக்க எண் ஒன்றையும் தருகிறது. அதன் பதிவேட்டை, கணினியில் உலக எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையை வகுக்கும் யூனிக்கோட் கூட்டமைப்பு பேணி வருகிறது. தமிழெழுத்துக்கு டி-ஏ-எம்-எல், எண் 346; சிங்களத்துக்கு எஸ்-ஐ-என்-எச், எண் 348; தேவநாகரிக்கு 315, கிரந்தத்துக்கு 343. இக்குறியீடு எழுத்தை மட்டுமே சொல்லும். மொழியைச் சொல்வது அதற்கு முன் நிற்கும் தனிக்குறி. எனவே மேற்சொன்ன தோத்திரம் இனி எஸ்-ஏ என்னும் சமஸ்கிருத மொழிக்குறியையும், இடைக்கோட்டுக்குப் பின் தமிழெழுத்தின் குறியீட்டையும் சேர்த்துத் தாங்கும். சிற்றிலக்கம் ஒலியாகவே வாசிக்கப்படும். இணையப் பக்கங்களிலும் மொழி இதே முறையில் குறிக்கப்படுவதால், எமது கோப்புகளைப் பிற மென்பொருள்களுக்கு அனுப்பும்போது குறிகளை மாற்றி எழுத வேண்டியிராது. தனிக்குறிகளில் பிடிவாதமாக இருந்த காலத்தில் எமது வாடிக்கையாளர்கள் வேண்டாத வேலையைச் சுமந்தார்கள் என்பதே எமது துணிபு.

தங்கள் விசைப்பலகை அமைப்பும் எழுத்துருக்களும் மாறமாட்டா. பழைய கோப்புகள் திறக்கும். சேமிக்கும்போது புதிய குறியீட்டைப் பெறும். எனினும் பழைய சமஸ்கிருதக் குறி இட்ட கோப்புகளில் எழுத்து எதுவென்று மென்பொருள் தானாக முடிவுசெய்யாமல், முதன்முறை திறக்கையில் தங்களிடமே கேட்கும். அவசரத்தில் தேவநாகரி என்று அழுத்திவிடாமல், பிரதியைப் பார்த்து விடையளிக்குமாறு வேண்டுகிறோம்.

மேம்படுத்தலுக்குக் கட்டணம் இல்லை. மாற்றத்துக்குமுன் கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால், குழப்பம் தந்த கோப்பையும் அதன் மூல அச்சுப் பக்கத்தையும் வெள்ளவத்தையிலுள்ள எமது கடைக்குக் கொண்டுவாருங்கள். உடனிருந்து சரிபார்த்துத் தருவோம்.

இங்ஙனம்,
நிறுவனத்தார்,
வெள்ளவத்தை, கொழும்பு 6