திரிந்த பாலும் அம்மாவின் ஊசியும்

தாராபுரம்

அன்பு மாப்ளே,

கடிதம் வந்தது. மஞ்சள் வேகவைத்து முடியும் மட்டும் நீ தோட்டத்தை விட்டு அசையமாட்டாய். அதனால் அம்மா கேட்டதற்கு எழுத்திலேயே பதில்.

சர்க்கரைக்குப் போடும் இன்சுலினில் தெளிந்த மருந்தையும் கலங்கிய மருந்தையும் இத்தனை வருடம் ஒரே சிரிஞ்சில்தானே இழுத்தோம், இந்தப் புது கிளார்ஜின் இன்சுலினுக்கு மட்டும் எதற்குத் தனிக்குத்து என்பது அம்மாவின் வழக்கு. கலந்து பார்த்தால் "பால் திரிஞ்ச மாதிரி" ஆகிவிட்டது என்றார்களாம். அம்மா வாயில் வந்தது சரியான சொல்.

கறந்த பாலில் எலுமிச்சை பிழிந்தால் புளிப்பேறி, பி.எச். (புளிப்பை அளக்கும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6ஐ நெருங்கும்போது பாலின் புரதமான கேசின் மின்சுமை இழந்து ஒட்டிக்கொள்கிறது. இன்சுலினும் புரதம்தான்; 51 அமினோ அமிலம் கோத்த அதற்குத் திரியும் இடம் 5.4 வாக்கில். அம்மாவின் பழைய மருந்து இரண்டும் அதற்கு எட்ட, 7ஐத் தாண்டி நிற்பவை; சண்டையில்லை. கிளார்ஜினில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இரண்டைக் கூடுதலாகக் கோத்து, திரியும் இடத்தை 6.7க்குத் தள்ளி, மருந்தைப் புளிப்பான 4இல் கரைத்திருக்கிறார்கள். தோலுக்கடியில் போனதும் உடம்பின் 7.4 அந்தப் புளிப்பை முறிக்க, அங்கேயே திரிந்து உட்கார்ந்து நாள் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கும். உள்ளே நடக்கவேண்டியது அம்மாவின் சிரிஞ்சிலேயே நடந்துவிட்டது. புளிப்பில் கிடந்தால் இன்சுலினின் ஏ சங்கிலியில் 21ஆம் இடத்து அமினோ அமிலமான அஸ்பாரஜின் சிதையும் என்று அங்கே கிளைசின் என்ற வேறொன்றை வைத்தார்கள் பார், அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி. ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்கவே வேண்டாம். உறைந்து இளகியது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குப்பைக்குத்தான். பிரித்தது 30 டிகிரிக்குள் 28 நாள், தேதியைக் குப்பியிலேயே எழுதச் சொல். தோட்டத்துச் சாளை வீட்டில் கரண்ட் போனால் சட்டிக்குள் சட்டி வைத்து இடையில் ஈர மணல். நம் காய்ந்த காற்றுக்கு நன்றாகவே குளிரும்.

ஊருக்கே இதைச் சொல்லும் மருந்துக்கடைக்காரன் நான் என்ன செய்தேன் தெரியுமா? போன சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் ஒரு மயிலைக் காளையைப் பார்த்து மலைத்து நின்றதில், என் இன்சுலின் பேனாவை வெயிலில் நின்ற வண்டிப்பெட்டியிலேயே மறந்துவிட்டேன். பொழுதோட எடுத்தால் கையைச் சுட்டது. மருந்து மட்டும் பளிங்குபோல இருந்தது. காசு போட்டு வாங்கியதாச்சே என்று அதையே போட்டுக்கொண்டேன். மூன்று நாள் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. காளை வாங்கினீங்களா, காய்ச்சின மருந்து வாங்கினீங்களா என்று வீட்டில் இன்னும் கேட்கிறாள்.

அது கிடக்கட்டும். திரிந்த மருந்தை அம்மா கீழே ஊற்றினார்களா, போட்டுக்கொண்டார்களா? அதை மட்டும் நீ எழுதவில்லை. இது கைக்கு வந்ததும் போன் போடு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்