பர்கர் கடைக்காரர்களுக்கு: உயரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்

பர்கர் கடை நடத்துகிறவர்களுக்கும், உள்ளே அடுப்படியில் நிற்பவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் அப்பாவைப் பர்கர் சாப்பிடக் கூட்டிப்போனேன். அவருக்குப் பல் செட் வைத்து ஒரு வருடம் ஆகிறது. "ஒருநாள் அங்க போவோமா" என்று அவரே கேட்டார். தட்டு வந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு. அப்புறம் இரண்டு பக்கமும் கையைக் கொண்டுபோனவர், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அப்படியே நிறுத்திவிட்டார். இரண்டு பேட்டி (அரைத்த கறியைத் தட்டிச் சுட்ட வட்டத் துண்டு), பொரித்த வெங்காய வளையம், முட்டை, இலை, எல்லாம் சரியாமல் இருக்க நடுவில் ஒரு மரக்குச்சி. குச்சியை நான் உருவியதும் மேல் பன் சாய்ந்தது. அப்பா லேசாக அமுக்கிப் பார்த்தார்; சாஸ் மணிக்கட்டு வரை வழிந்தது. கடைசியில் கத்தியால் பிரித்து, முள்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். அடி பன் ஊறித் தட்டோடு ஒட்டிக்கிடந்தது. அதைத் தொடவே இல்லை.

கறி நன்றாக இருந்தது. பரிமாறிய பிள்ளைகளும் அன்பாகப் பேசினார்கள். அதனால்தான் மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

வளர்ந்த ஒருவர் வாயை முழுதாகத் திறந்தாலும் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே சுமார் 4 முதல் 5 செ.மீ. இடம்தான் கிடைக்கும். குழந்தைகளுக்கும் தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் அதுவும் கிடைக்காது. நீங்கள் அடுக்கித் தருவதை ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அமுக்கிய பிறகும் 8 செ.மீ. நிற்கிற பர்கரை யார் கடிப்பது? பன்னின் மென்மை, கறியின் உப்பு, உருகிய சீஸ், ஊறுகாய் வெள்ளரியின் புளிப்பு, எல்லாம் ஒரே கடியில் சேர்வதற்குத்தானே இத்தனை பாடுபட்டு அடுக்குகிறீர்கள்? உயரம் கூடினால் முதல் கடியில் பன்னும் இலையும், அடுத்ததில் வெறும் கறி என்றாகிவிடுகிறது.

உயரத்தைக் குறைத்தால் கறியின் அளவையும் குறைக்க வேண்டும் என்றில்லை. அதே கறியை அகலமாக, மெல்லிசாகத் தட்டுங்கள். நன்கு காய்ந்த கல்லில் போட்டவுடனே அழுத்திவிட்டால், சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பாகும். பர்கரின் வாசமே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. மெல்லிசாக இருந்தால் அது கூடுதலாகக் கிடைக்கும். தடிமனாகத்தான் வேண்டும் என்றால், சுடுவதற்கு முன் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போடுங்கள். ஓரம் சுருங்கும்போது நடு உப்பாமல் தட்டையாக நிற்கும்.

தடிமனில் இன்னொரு பயமும் உண்டு. முழுத்துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளேயும் கலந்துவிடுகிறது. அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அதற்காகத்தான். 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கர்களால் ஈ.கோலை என்ற கிருமி பரவி 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்துபோனார்கள். வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கிற கனத்த பேட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள் நினைவு வருகிறது.

அப்புறம் பன். வெட்டிய பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டுங்கள். சாஸும் கறிச்சாறும் உடனே ஊறாது, கடைசி வாய் வரை கையில் நிற்கும். அரை நிமிட வேலைதான், நெரிசலான நேரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

1921-ல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் கேசில் என்ற பர்கர் கடை விற்றது, சில கடியில் முடிந்துவிடும் சின்னச் சதுரப் பர்கர். போதாதவர்கள் இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார்கள். நீங்களும் இரண்டாவது பேட்டியை அதன் மேலேயே ஏற்றாமல் இன்னொரு பன்னில் வைத்துத் தரலாமே.

உயரமான பர்கர் படத்தில் அழகாக இருக்கும், அதைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள் என்பதும் தெரியும். அது மெனுவில் இருக்கட்டும். கூடவே குச்சி தேவைப்படாத ஒன்றையும் போடுங்கள். காகிதத்தில் பாதி சுற்றி, இரண்டு கையால் பிடிக்கிற மாதிரி. அப்பா அடுத்த வாரமும் போகலாம் என்கிறார். இந்த முறை அவர் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேசைக்கு மறுபடியும் வரப்போகும் ஒருவர்