நடக்கிறவனுக்குப் பலகை போதும்: குமரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் நாகர்கோவிலில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், இப்போது பெரும்பாலும் பிளக்ஸ். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இரண்டு சிநேகிதர்களோடு கடலோரம் நடப்பது ஒன்பது வருடப் பழக்கம். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதில் தொடங்கியது. சர்க்கரை பெரிதாகக் குறையவில்லை, நடையும் நிற்கவில்லை.

நடை நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. மகா சிவராத்திரி வந்தால் முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களை, 100 கிலோமீட்டருக்கு மேல், கையில் விசிறியோடு 'கோவிந்தா கோபாலா' என்று கூப்பிட்டபடி ஓடியும் நடந்தும் முடிக்கிறார்கள். சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்டால் பீமன் கதையும் புருஷாமிருகத்தின் கதையும் வரும். அது இன்னொரு நாளைக்கு. வழியெல்லாம் மோர், பானகம், சுக்குக் காப்பி. போலீஸ் வண்டிகளைத் திருப்பி விடுகிறது. ஓர் இரவும் பகலும் மாவட்டமே நடக்கிறவனுக்கு ஒதுங்கி வழி விடுகிறது. நான் கேட்கப்போவது கடலோரம் நடக்கிறவனுக்கு வழியும் ஆபத்தும் சொல்லும் சில பலகைகளும் ஒன்றிரண்டு சின்ன வசதிகளும்தான். அது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.

மேற்கே நீரோடியிலிருந்து கிழக்கே வட்டக்கோட்டை தாண்டும்வரை நமக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. வருகிறவர்கள் பார்ப்பது அதில் ஒரு கிலோமீட்டர். விடியலில் சூரியன், படகில் ஏறி விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், இப்போது இரண்டையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம், பாசிமணிக் கடை, அப்புறம் பஸ். சூரியன் உதித்து அரை மணி நேரத்தில் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நடப்பதற்கு அதுதான் நேரம். கன்னியாகுமரியிலிருந்து மேற்கே போனால் காலை வெயில் முதுகில்தான் விழும். மணக்குடியிலிருந்து கிழக்கே வந்தால் அதே வெயில் கண்ணைக் குத்தும். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரில் ஒரு பலகைகூட இல்லை.

அந்த வழி கோவளம் தாண்டிக் கீழமணக்குடிக்குப் போகும். மெதுவாக நடந்தாலும் இரண்டரை, மூன்று மணி நேரம். பழையாறு கடலோடு சேருகிற இடத்தில் அலையாத்திச் செடிகள் நிற்கின்றன. குளிர்காலத்தில் தண்ணீர்ப் பறவைகள் வரும். 2004 சுனாமியில் இங்கேயிருந்த பாலத்தின் தளங்களைக் கடல் பிய்த்து எறிந்தது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. பாலத்தைக் கடந்தால் மேலமணக்குடி, சொத்தவிளை, பள்ளம், சங்குத்துறை என்று மணல் நீண்டுகொண்டே போகும். ஆனால் சொத்தவிளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்திருக்கும், போஞ்சி (எலுமிச்சைச் சாறு) குடிக்கக் கடையும் இருக்கிறது.

கிழக்கே போகிறவர்களுக்குச் சின்னமுட்டம் துறைமுகம், லீபுரம் வழியாக வட்டக்கோட்டை. அதைச் சாயங்காலம் நடக்க வேண்டும். கோட்டை மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னை, தூரத்தில் காற்றாலைகள். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாய் பிற்பாடு அதே ராஜாவுக்குத் தளபதியாகிக் கட்டிக்கொடுத்த கோட்டை இது. குளச்சலில் வெற்றித் தூணையும் பார்த்துவிட்டு ஒருவர் கடலோரமாகவே இங்கு வந்து சேர்ந்தால், அந்த மனிதரின் வாழ்க்கையைக் காலாலேயே படித்த மாதிரி இருக்கும். நான் மூன்று ஞாயிறுகளில் அதை முடித்தேன்.

அந்த மூன்றில் சிறந்த துண்டு குளச்சலிலிருந்து முட்டம். கொட்டில்பாடு, மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கடியபட்டினம். மணவாளக்குறிச்சியை நெருங்கும்போது மணல் நிறம் மாறும். இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கருமணல், இடையிடையே கார்னெட்டின் சிவப்பு. அரிசி புடைத்த முறம்போல அலை அதை வரிவரியாகப் பிரித்துப் போட்டிருக்கும். பத்து மணிக்குமேல் அந்த மணலில் செருப்பில்லாமல் கால் வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரிதான். கடியபட்டினத்தில் வள்ளியாற்றைக் கடந்து முட்டத்துப் பாறைகளுக்கு வந்தால், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே சிவப்பு மண் சரிந்து நிற்கும். அங்கே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்காகவே நடக்கலாம்.

குளச்சலுக்கு மேற்கே யாரையும் மணலில் நடக்கச் சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் பெரும்பாலும் மணல் போய்விட்டது. கடலரிப்புத் தடுப்புச் சுவரும் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுமாகப் பாறாங்கல் கிடக்கிறது. அதன்மேல் ஏறி நடக்கிறவன் கணுக்காலைப் பணயம் வைக்கிறான். இரையுமன்துறை, தூத்தூர், வள்ளவிளை எல்லாம் பார்க்க வேண்டிய ஊர்கள்தான், ரோட்டு வழியாகப் போய்ப் பார்க்கலாம். இதைத் துறையே சொல்லிவிட்டால் நல்லது. எங்கே நடக்கக்கூடாது என்று சொல்லாத வரைபடம் எனக்கு வேண்டாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஒரு மார்ச் மாதம் ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து கிழக்கே நடந்தோம். பொழிக்கரைப் பக்கம் பொழி, அதாவது ஆறு கடலோடு சேரும் வாய், மணலால் அடைந்து கிடந்தது. கடல் போட்ட மணல்திட்டு மேல் ஈரம்கூடப் படாமல் கடந்து போனோம். அந்தத் தைரியத்தில் ஐப்பசியில் அதே வழியாக வந்தோம். இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தண்ணீர் முழங்காலளவுதான் தெரிந்தது. என் சிநேகிதன் பேன்ட்டை மடக்கிக்கொண்டு இறங்கினான். நாலாவது எட்டில் இடுப்பு வரை போய்விட்டான். அடியில் மணல் ஓடுகிறது, கால் நிற்கவில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா எழுந்து நின்று, "மக்களே, அங்கோடி போவாத, பொழி முறிஞ்சு கெடக்கு, கடலு உள்ள இழுத்திரும்" என்று கத்தினார். பக்கத்திலிருந்த பையன் ஒருவன் துடுப்பை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஏறினான். செல்போன் போனது, ஒரு செருப்பு போனது. ஆள் மிஞ்சினான். அந்த அம்மா விடவில்லை. "பேருலயே பொழி இருக்குல்லா, படிச்சவங்கதானே" என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பாடம் அது. ஊர்ப் பெயரே அங்கே எச்சரிக்கைப் பலகை. நான்தான் படிக்கவில்லை.

வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயரைப் படிக்கத் தெரியாது. பொழி என்றால் என்ன, கோடையில் அடைவதும் மழையில் உடைவதும் எதனால் என்று நாலு வரியில் எழுதி ஒவ்வொரு பொழியின் இரு கரையிலும் நட்டுவைக்கலாம். பக்கத்துப் பாலத்துக்கு எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் யாரும் குறுக்கே இறங்கமாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது கள்ளக்கடல், அதாவது சொல்லாமல் கரையேறும் பெரிய அலை. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதை நாம் யாரும் மறந்திருக்கமாட்டோம். காற்றும் இல்லை மழையும் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கும்போது அலை திடீரென்று கரையேறும். எங்கோ தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேருகிறது. வானத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கள்ளன்போல வருவதால்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தில் இருக்கிற பெருங்கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. ஊர்ச் சர்ச்சான பங்குக் கோயில் மைக்கில் அறிவிப்பு வந்துவிடுவதால் மீனவர்கள் வள்ளத்தை மேலே ஏற்றிவிடுகிறார்கள். நடக்க வருகிறவனுக்கும் குளிக்க வருகிறவனுக்கும் அது எப்படிப் போய்ச் சேரும்? பள்ளிக்கூடத்துக் கரும்பலகைபோல ஒரு பலகை, கடற்கரைக்கு இறங்கும் வழியில், "இன்று இறங்கலாம்", "இன்று இறங்காதே" என்று இரண்டே வாசகம். அதைத் தினமும் மாற்ற அந்த ஊர்க்காரர் ஒருவருக்குச் சின்னச் சம்பளம். ஆனி, ஆடியில் 'இறங்காதே' பலகையை மாற்றவே வேண்டியிருக்காது. அந்த மாதங்களில் நாங்கள் கடல் பக்கமே போவதில்லை, மருந்துவாழ்மலைக்குப் போய்விடுவோம். பொற்றையடியிலிருந்து படியேறி, நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகைவரை போனால் கடல் மொத்தமும் காலுக்குக் கீழே தெரியும். மழை பெய்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

இனி ஒரு சங்கடமான விஷயம். முதல் இரண்டு வருடம் என் மனைவியும் எங்களோடு வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். காரணம் முட்டுவலி இல்லை. ஒரு கடற்கரையில், பெயர் வேண்டாம், புதுக் கழிப்பறை கட்டி வாசலில் கல்வெட்டும் பதித்திருந்தார்கள். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடைசியில் ஒரு மீனவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினோம், அவர்கள் முகம் சுளிக்காமல் உள்ளே அனுப்பினார்கள். எத்தனை பேர் அப்படித் தட்ட முடியும்? புதிதாக எதையும் கட்ட வேண்டாம். இருப்பதைத் திறந்துவைக்க ஆள் போடுங்கள். பக்கத்தில் ஒரு குடிதண்ணீர்க் குழாய்.

அப்புறம் பஸ். கடலோர நடை ஒரு பக்கமாகப் போவது. வண்டியை நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டியவன் பாதி தூரம்தான் நடப்பான். முட்டத்திலிருந்தும் ராஜாக்கமங்கலம் துறையிலிருந்தும் நாகர்கோவிலுக்கு டவுன் பஸ் ஓடத்தான் செய்கிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் சாயாக் கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கிறது. நேரத்தைக் கடற்கரையில் எழுதிப் போடலாம்.

கடற்கரை மேம்பாடு என்று பேச்செடுத்தாலே பேவர் பிளாக், இரும்புக் கைப்பிடி, 'ஐ லவ்' என்று எழுதிய செல்ஃபி மேடை. இரண்டு பருவம் உப்புக்காற்று பட்டால் கைப்பிடி துருவாக உதிர்ந்துவிடும், கல்லைக் கடல் தூக்கிக்கொண்டு போய்விடும். ஈரமணலைவிட நல்ல நடைபாதை யாராலும் போட முடியாது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கரை எப்போதும் கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் ஒரு கால் பள்ளத்திலும் ஒரு கால் மேட்டிலும் விழும். ஒரே பக்கமாக இரண்டு மணி நேரம் நடந்தால் மேட்டுக்கால் முட்டி பேச ஆரம்பிக்கும். நடுவில் கொஞ்ச தூரம் மேலே ஏறி ஊர்ச் சாலையில் நடந்துவிட்டு இறங்கினால் சரியாகிவிடும். இதையும் பலகையில் போட இடமிருந்தால் போடலாம்.

பலகை எழுதுமுன் அந்தந்த ஊர்ப் பங்குப் பேரவையையும் வலை இழுக்கிறவர்களையும் கேட்டுவிடுங்கள். எந்த இடத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும், எந்தப் பாறையில் பாசி என்று அவர்களுக்குத்தான் தெரியும். தவிர, அது அவர்கள் முற்றம். கரைமடி என்கிற பெரிய வலையைக் கரையிலிருந்து இழுக்கும் கயிற்றை வருகிறவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள், உலரப்போட்ட நெத்திலி மேல் நடக்கிறார்கள், கேட்காமல் போட்டோ எடுக்கிறார்கள். மடி கரைசேரும்வரை கயிற்றுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். முடிந்தால் ஒரு கை பிடித்து இழுக்கலாம். நாங்கள் ஒருமுறை இழுத்தோம். உள்ளங்கை தோலுரிந்தது. பங்காக ஒரு பை நிறையச் சாளை கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பிளக்ஸ் வேண்டாம், அது என் பிழைப்பு என்றாலும் சொல்கிறேன். என் கடையில் அடித்த பிறந்தநாள் பேனர் ஒன்று, படத்திலிருந்தவர் முகம் பாதி கிழிந்து, பள்ளம் கரையில் ஒதுங்கிக் கிடந்ததை நானே சுருட்டி எடுத்துவந்திருக்கிறேன். பனங்கட்டையோ கருங்கல்லோ போதும், பெயின்டால் எழுதலாம். என் கடைக்குப் பக்கத்தில் பிளக்ஸ் வருவதற்கு முன்பு சுவரெழுத்து எழுதிக்கொண்டிருந்த ஓவியர் இருக்கிறார். கை இன்னும் நடுங்கவில்லை. முதல் பத்துப் பலகைக்கு அவர் கூலியையும் பெயின்ட் செலவையும் நான் தருகிறேன். வாசகத்தை நீங்கள் தாருங்கள். முதல் பலகை பொழிக்கரைக்கு.

இப்படிக்கு,
நாகர்கோவில் அச்சகக்காரன் ஒருவன்