ஒரு சட்டையை எத்தனை முறை உடுத்துகிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தீபாவளிச் சிறப்புப் பகுதியில், குறைந்த செலவில் அலமாரியை நிரப்புவது எப்படி என்று விளக்கும் கட்டுரையைப் படித்தேன். எந்த நாளில் எங்கே தள்ளுபடி கிடைக்கும், 500 ரூபாய்க்குள் எத்தனை டாப்ஸ் வாங்கலாம் என்பதெல்லாம் அதில் விரிவாக இருந்தன. அந்தத் துணி எத்தனை சலவைக்குத் தாங்கும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விலையைவிட அதுதான் முக்கியம் என்று நான் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பருவத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த புது மாதிரிகளை வாரத்துக்கு ஒரு முறை கொண்டுவந்து, விலையை மிகவும் குறைத்து, வாங்கியதைச் சீக்கிரமே கழித்துப்போட வைக்கும் வியாபாரத்தைத்தான் ஃபாஸ்ட் ஃபேஷன் என்கிறார்கள். 2000 முதல் 2015 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானதாகவும், ஓர் ஆடை உடுத்தப்படும் தடவைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டதாகவும் பிரிட்டனின் எலன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இதற்கு மாற்றாக, பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் கேட் ஃபிளெட்சர் 2007-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய ஸ்லோ ஃபேஷன், குறைவாக வாங்கு, நல்லதாகப் பார்த்து வாங்கு, நெடுநாள் உடுத்து, தைத்தவருக்கும் நெய்தவருக்கும் உரிய கூலி போய்ச் சேர்கிறதா என்று கேள் என்கிறது.

நம் வீடுகளுக்கு இது ஒன்றும் புதிதல்ல. பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை தைக்கும்போது கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று டக் பிடித்து, இடுப்பிலும் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்வார்கள். குழந்தை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிட, ஒரே பாவாடை பல தீபாவளிகளைக் காணும். பிறகு தங்கைக்குப் போகும். பிரித்த இடத்தில் மட்டும் நிறம் சற்று அடர்த்தியாகத் தெரியும், அதை யாரும் குறையாக எண்ணியதில்லை. இன்று கடையில் தொங்கும் ஒரு மலிவான டாப்ஸைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு வெளியே விரல்கடை அளவுகூடத் துணி இருக்காது. நூல் பிரியாமலிருக்க விளிம்பில் ஓவர்லாக் அடித்ததோடு வெட்டிவிட்டிருப்பார்கள். அதைப் பிரித்துவிடவும் முடியாது, பிடித்துத் தைக்கவும் முடியாது.

மலிவு என்பதன் கணக்கும் சரிபார்க்க வேண்டியதே. 300 ரூபாய் டாப்ஸ் ஆறு முறை உடுத்தியதும் கழுத்து தொளதொளத்து நிறம் மங்கினால், ஒரு முறை உடுத்த 50 ரூபாய் ஆகிறது. 900 ரூபாய்க் கைத்தறிச் சட்டையைத் தொண்ணூறு முறை உடுத்தினால் ஒரு முறைக்குப் பத்து ரூபாய்தான்.

நாம் கொடுக்கும் விலையில் சேராத செலவு ஒன்றும் உண்டு. அதைக் கொங்குப் பகுதியில் இருப்பவர்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறையத் தேவை. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். மிஞ்சிய சாயமும் உப்பும் கழிவுநீரோடு போய்விடும். திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறி, அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் நீதிமன்றம் சென்று நீண்ட காலம் போராடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை (பிளீச்சிங்) பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. இன்று கழிவுநீரை எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டி, மிஞ்சுவதை ஆவியாக்கி, உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகின்றன. இந்தச் செலவைச் சேர்த்துக் கணக்கிட்ட துணி மலிவாக இருக்க முடியாது. அப்படியும் மலிவாக விற்கிறது என்றால், அந்தச் செலவை வேறு எங்கோ ஓர் ஆறு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

ஆற்றைப் போலவே தைப்பவர்களும் அந்த விலையைச் சுமக்கிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவார் நகரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டு, கீழ்த்தளங்கள் ஒன்றில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேல்தளங்களில் இருந்த தையல் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டார்கள். குறித்த தேதிக்குள் சரக்கு கப்பலேற வேண்டும் என்ற நெருக்கடி அவர்களை உள்ளே தள்ளியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை, இயல்பான பேச்சாகிப்போனதற்கும் இத்தகைய அவசர ஆர்டர்கள் ஒரு காரணம்.

‘எல்லோரும் குறைவாக வாங்கினால் திருப்பூர் என்ன ஆகும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே பல லட்சம் குடும்பங்களின் அடுப்பு எரிவதை அறிந்தே சொல்கிறேன்: குறைந்த எண்ணிக்கையும், கூடுதல் விலையும், போதிய கால அவகாசமும் உள்ள ஆர்டர்கள்தாம் அந்த ஊருக்கு நிலைத்த வேலையைத் தரும். சுத்திகரிப்புக்குச் செலவிடும் ஊர், செலவிடாத ஊர்களோடு விலையில் மட்டும் போட்டியிட்டால் தோற்றுத்தான் போகும். தரத்தில் போட்டியிட்டால் வெல்லும்.

கைத்தறி வாங்க வசதியில்லாதவர்களைக் குறை சொல்வதும் என் நோக்கமன்று. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் ஒரு மலிவுச் சட்டை நைந்துபோகும்வரை உடலில் இருக்கும். அதன் பிறகும் கரித்துணியாக அடுப்படியில் உழைக்கும். அவர்களைவிடச் சிறந்த ஸ்லோ ஃபேஷன்காரர்கள் கிடையாது. விலைச்சீட்டுகூடப் பிரிக்கப்படாத உடைகள் அடுக்கியிருப்பது நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்து அலமாரிகளில்தான். அவற்றைப் பழைய துணியாகக் கொடுத்துவிட்டால் மறுசுழற்சி ஆகிவிடும் என்ற சமாதானமும் நிலைக்காது. நான் மேலே சொன்ன அறிக்கையின்படி, துணிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானதே மீண்டும் புது ஆடையாகிறது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூலைப் பிரித்தெடுப்பது அவ்வளவு கடினம்.

எனவே, வரும் பொங்கல் இதழில் தள்ளுபடிப் பட்டியலோடு இரண்டு செய்திகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவது எப்படி, விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பதை அடையாளம் காண்பது எப்படி என்பதை நெசவாளர்களின் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். சென்னிமலையிலும் சின்னாளப்பட்டியிலும் சொல்லித் தர ஆள் உண்டு. மற்றொன்று, மாவட்டவாரியாகக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலைய முகவரிகளையும், கிழிசல் தைத்து அளவு மாற்றித் தரும் தையற்கடைகளின் முகவரிகளையும் வெளியிடுங்கள். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கடைகளைத் தேடிப் பட்டியலிட்டு அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, பெருந்துறை.