ஞாயிறு காலை கப்பன் பார்க்

இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை பக்கம் கூடிவிட்டு கப்பன் பார்க் போகலாம், உள்ளே நுழைய டிக்கெட் கிடையாது. பெண்களுக்குக் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் சாதாரண பஸ் இலவசம், ஆனால் கர்நாடக முகவரி போட்ட ஆதார் மாதிரி அரசு அடையாள அட்டை கையில் வேண்டும். போன முறை ஓர் அக்கா ஊர் முகவரி ஆதாரோடு வந்து காசு கொடுத்து டிக்கெட் எடுத்தார். ஏசி பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், அதற்கு எல்லோருக்கும் காசுதான்.

பார்க்கில் பொட்டலம் பிரிக்க வேண்டாம். திரும்பி வந்து எங்கள் வீட்டு மாடியில் சாப்பிடலாம். முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் போட்டு வைத்துவிடுவேன், காலையில் சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து வாழையிலையில் மடித்தால் இலை வாசம் ஏறி அருமையாக இருக்கும். யாராவது தேங்காய்த் துவையல் கொண்டு வாருங்கள். அப்புறம், வருகிறவர்கள் வெள்ளிக்குள் பெயர் போடுங்கள், அரிசி அளக்க வேண்டும்.